ஒடில் மிஷோ கேட்ட பன்னிரண்டாம் கேள்வி

முன்பின் தெரியாத குரல் தொலைபேசியில் வந்தால் எங்கள் மாநிலத்தில் பாதிப்பேர் உடனே வைத்துவிடுவார்கள். ஒடில் மிஷோ கூப்பிட்டால் மட்டும் வைக்கமாட்டார்கள். அவர் குரல் ஒன்றும் இனிமையானதல்ல. தாழ்ந்த, சற்றே கரகரத்த குரல். வீட்டில் பிரெஞ்சு பேசி வளர்ந்ததால் சில எழுத்துகள் மழுங்கி விழும். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டபின் அவர் பேசாமல் இருப்பார். கருத்துக்கணிப்புக்காகக் கூப்பிடும் நாங்கள் மற்றவர்கள் எல்லாம் மூன்று நொடி பார்த்துவிட்டு 'தெரியாது' என்று தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவோம். ஒடில் போகமாட்டார். எதிர்முனையில் இருப்பவர் தன்னை அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை என்பதுபோல யோசித்துப் பதில் சொல்வார்.

பதினாறு வயதிலிருந்து ஷூ தொழிற்சாலையில் மேல்தோல் தைத்தவர். தொழிற்சாலையை மூடியபோது அவருக்கு முப்பத்தாறு. கணவர் ரோசேர் அதற்கு முந்தைய வருடம் ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்திருந்தார். பிள்ளைகள் இல்லை. மெயின் தெருவில் மூடிக்கிடந்த வங்கிக் கட்டடத்தின் மாடியில் எங்கள் கருத்துக்கணிப்பு அறை இருந்தது. அங்கே வேலை கேட்டு வந்தவர் இருபத்திரண்டு வருடம் அதே மூலை இருக்கையில் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பிறகு வந்து அவருக்கு மேற்பார்வையாளர் ஆனவள். அவர் என்னை 'டார்கஸ்' என்று பெயர் சொல்லி, நீ போட்டுத்தான் பேசுவார். எனக்கு நீங்கதான் வரும்.

ஒருமுறை பெட்ரோல் வரி பற்றிக் கேட்கப் போய் எதிர்முனையில் ஒரு கிழவர் தன் மகனைப் பற்றி அழத் தொடங்கிவிட்டார். ஒடில் நாற்பது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அழுது முடித்ததும், "இன்னும் ஆறு கேள்வி இருக்கு, ஐயா" என்றார். அவரும் ஆறுக்கும் பதில் சொன்னார்.

"பாவமன்னிப்பு கேக்க வேண்டியவங்க எல்லாம் சர்ச்சுக்குப் போறதில்ல, உன் லைனுக்கு வந்துடறாங்க" என்பார் ரெஜி. காகித ஆலையில் ஓய்வுபெற்று வந்து அடுத்த இருக்கையில் உட்கார்ந்தவர். நாள் முழுக்க டோனட் தின்றுகொண்டே வேலை பார்ப்பார்.

"வாயைத் துடைச்சுட்டுப் பேசு ரெஜி. சக்கரை போன் வழியாப் போயிடும்" என்பார் ஒடில்.

அந்த ஜனவரியில் எங்கள் செனட்டர் இனித் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார். இருபத்துநான்கு வருடம் வாஷிங்டனில் இருந்தவர். அவர் வாயை மூடுவதற்குள் எல்லாருடைய கண்ணும் கவர்னர் பக்கம் திரும்பிவிட்டது. வெண்டல் ஸ்டாடர்ட் அப்போது இரண்டாம் முறை மக்கள் ஓட்டில் ஜெயித்துக் கவர்னராக இருந்தார். ஐம்பத்தோரு வயது, நெடுநெடுவென்ற உடம்பு, யாரைப் பார்த்தாலும் முதல் பெயர் ஞாபகம் வைத்திருப்பார். டிசம்பர் பனிப்புயலில் பத்து நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது மின்கம்பி இழுக்கும் ஆட்களோடு தானும் நின்றவர். பதவியில் இருக்கும்போதே செனட்டுக்கு நிற்பாரா, நின்றால் ஜெயிப்பாரா என்பதுதான் முடிவெட்டும் கடையிலும் சர்ச் வாசலிலும் பேச்சு. மாநிலத் தலைநகரிலிருந்து அவருடைய ஆதரவாளர்கள் எங்களிடம் கணிப்பு வேலையைக் கொடுத்தார்கள். மாநிலம் முழுக்க அறுநூறு பேர், பதினெட்டுக் கேள்விகள். எந்த எண்ணைக் கூப்பிடுவது என்பதைக் கம்ப்யூட்டர் தானாகத் தேர்ந்தெடுக்கும்.

பன்னிரண்டாம் கேள்வி இது: 'கவர்னர் ஸ்டாடர்ட் என்றதும் உங்கள் மனதில் முதலில் தோன்றுவது என்ன?' இதற்கு மட்டும் அவர்கள் சொல்வதை ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்து, திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை தொடங்கினோம். புதன் காலையில் முந்தைய நாள் பதில்களைப் படித்தேன். எதிர்பார்த்ததுதான். 'பனிப்புயல்.' 'நல்ல மனுஷன், ஆனா வாஷிங்டன் போனா எல்லாரும் ஒரே மாதிரி ஆயிடறாங்க.' 'வரியைக் குறைக்கிறேன்னார், குறைக்கல.' 'அவர் சம்சாரம் எங்க அத்தையோட படிச்சவங்க.' இவற்றுக்கு நடுவே மூன்று இடங்களில், மூன்று வெவ்வேறு ஊர்க்காரர்களின் பதிலாக, இரண்டே சொற்கள் இருந்தன. 'சாப்பாட்டுப் பெட்டி.'

ஏதோ விளம்பரமாக இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

வியாழன் காலை அது ஒன்பது ஆகியிருந்தது. இப்போது நீண்டிருந்தது. 'பச்சைச் சாப்பாட்டுப் பெட்டி. ரோட்டோரம் பனியில் திறந்து கிடக்கிறது.' கடற்கரையில் நண்டு பிடிப்பவர் ஒருவர், கல்லூரி மாணவி ஒருத்தி, வடக்கே உருளைக்கிழங்கு விவசாயி ஒருவர். எல்லாரும் கிட்டத்தட்ட அதே சொற்களைச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதுமே ஒடில் எடுத்த அழைப்புகள். மற்ற பதின்மூன்று பேர் எடுத்தவற்றில் ஒன்றுகூட இல்லை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அழைக்காமலே தானாக எழுதிப் போடுவது. சந்தேகம் வந்தால் அந்த நபர்களைத் திரும்பக் கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். நானே நான்கு பேரைக் கூப்பிட்டேன். நான்கு பேரும் ஒடிலோடு பேசியதை ஒப்புக்கொண்டார்கள்.

"சாப்பாட்டுப் பெட்டியா?" என்றார் விவசாயி. "நான் எதுக்கும்மா அதைச் சொல்றேன்? பனிப்புயல்னு சொன்னேன். அந்தம்மா காது சரியில்லையா?"

ஒடிலை என் அறைக்குக் கூப்பிட்டேன். தாள்களை முன்னால் வைத்தேன்.

"இதெல்லாம் நீங்களா எழுதினதா?"

அவர் தாள்களைத் தொடவில்லை. "இருபத்திரண்டு வருஷம் கழிச்சு இந்தக் கேள்வியா, டார்கஸ்?"

"அவங்க சொல்லலேங்கறாங்க, ஒடில்."

"சொன்னாங்க. நான் திரும்ப வாசிச்சேன். 'ஆமா'ன்னாங்க." கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்தார். "அந்த 'ஆமா' எனக்கும் பிடிக்கல. தூக்கத்துல யாரோ சொல்ற மாதிரி இருந்துச்சு. உனக்கு நம்பிக்கை இல்லேன்னா லைன்ல உக்காந்து கேளு. நானும் தனியாக் கேக்க வேண்டாம்னுதான் பாக்கறேன்."

வெள்ளி மதியம் அவருடைய அழைப்புகளை என் மேசையிலிருந்து கேட்கத் தொடங்கினேன். மேற்பார்வையாளர் கேட்பது எதிர்முனைக்குத் தெரியாது. முதல் இரண்டு அழைப்புகள் சாதாரணம். மூன்றாவதில் ஒரு பெண் எடுத்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பின்னால் நாய் குரைத்தது, சலவை எந்திரம் ஓடியது. கலகலவென்று பேசினார்.

"ஸ்டாடர்ட் நின்னா நான் அவருக்குத்தான் போடுவேன். எங்க வீட்டுக்காரர் போடமாட்டார். அதனாலயே போடுவேன்" என்று சிரித்தார்.

ஒடில் பன்னிரண்டாம் கேள்வியைக் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நொடி. ஆறு. நாயின் சத்தம் நின்றது. சலவை எந்திரத்தின் சத்தமும் எங்கோ தூரத்துக்குப் போனதுபோல் இருந்தது. எட்டு.

"பச்சைச் சாப்பாட்டுப் பெட்டி திறந்து கிடக்கு" என்றார் அந்தப் பெண். அவருடைய குரல்தான். ஆனால் ஏற்ற இறக்கமே இல்லை. மூச்சு வாங்கும் சத்தமும் இல்லை. "அவன் இன்னும் உயிரோட இருக்கான். பேசிட்டிருக்கான்."

ஒடில் நிதானமாகத் தட்டச்சு செய்தார். பிறகு வாசித்துக் காட்டினார். "சரியா எழுதியிருக்கேனா?"

"ஆமா."

நாய் மறுபடி குரைத்தது. "ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" என்று அந்தப் பெண்ணின் பழைய குரல் வந்தது. "பனிப்புயல்னு எழுதிக்கோங்க. அப்போ நல்லா வேலை செஞ்சார் மனுஷன்."

நான் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒடில் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் வெற்றியெல்லாம் இல்லை. அது தனக்கு மட்டுமே கேட்டதல்ல என்று தெரிந்த நிம்மதிதான் இருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு காலி இருக்கையில் உட்கார்ந்து நானே ஓர் எண்ணை அழைத்தேன். பால்பண்ணைக்காரர் ஒருவர். பன்னிரண்டாம் கேள்வியைக் கேட்டுவிட்டு ஒடிலைப்போல வாயை மூடிக்கொண்டிருந்தேன். மௌனம் நீள நீளக் காதுக்குள் குளிர் ஏறியது. ஒன்பதாவது நொடியில் அவர் சொன்னார்: "நாயைக் கட்டிப் போட்டுட்டேன், அவகிட்டச் சொல்லுங்கறான். திரும்பத் திரும்ப அதையே சொல்றான்."

நான் வாசித்துக் காட்டவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டேன். மற்ற பதின்மூன்று பேருக்கு ஏன் அது கேட்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நாங்கள் யாரும் அவ்வளவு நேரம் காத்திருந்ததே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. நண்பகல் தாண்டிய நேரம், வெளியே வெயில் பனியில் பட்டுக் கண் கூசியது. கீழே பக்கத்து வீட்டில் யாரோ, ஊர் வழக்கப்படி, சனிக்கிழமைப் பீன்ஸை அடுப்பில் வைத்திருந்தார்கள். வெல்லப்பாகு வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. நான் ஒடிலின் லைனில் கேட்டுக்கொண்டிருந்தேன். மணி ஏழெட்டு முறை அடித்தபின் ஓர் ஆண்குரல் எடுத்தது.

ஒடில் வழக்கம்போல் தன் பெயரைச் சொல்லி, கணிப்பைப் பற்றிச் சொன்னார்.

அந்தக் குரல் சிரித்தது. "அம்மா, இந்த நம்பர் எந்த டெலிபோன் புத்தகத்துலயும் கிடையாதே! யார் குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கல, சார். கம்ப்யூட்டர் தானா எடுக்குது."

"அப்படியா? நான் வெண்டல் ஸ்டாடர்ட். ஏரிக்கரை வீட்ல இருக்கேன். நான் நிக்கலாமா வேண்டாமான்னு என்கிட்டயே கேக்கப் போறீங்களா?"

எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து ஓடி அந்த லைனைப் பிடுங்கிவிட வேண்டும்போல் இருந்தது. ஹெட்போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம்னா விட்டுடறேன், சார்" என்றார் ஒடில்.

"சேச்சே, கேளுங்க. என் ஓட்டாவது எனக்கு விழட்டும்."

கேள்விகள் போயின. கவர்னர் நல்ல மனநிலையில் இருந்தார். செனட்டுக்கு ஸ்டாடர்ட் நின்றால் கண்டிப்பாக ஆதரிப்பேன் என்றார். அவருடைய பெரிய குறை என்ன என்றதற்கு, "ரொம்பப் பேசுவார், என் மனைவியைக் கேட்டா இன்னும் சொல்லுவா" என்றார். பிறகு பன்னிரண்டாம் கேள்வி வந்தது.

"கவர்னர் ஸ்டாடர்ட்னதும் உங்க மனசுல முதல்ல தோணறது என்ன?"

அவர் சிரித்தபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை. ஒடில் காத்திருந்தார். ஐந்து நொடி. எட்டு. பன்னிரண்டு. அறையில் மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த சத்தம் எனக்குக் கேட்காமல் போனது.

"ஹார்லோ மில்ஸ் ரோடு" என்றது தட்டையான குரல். "எழுபத்தொண்ணு மார்ச். ஆறு மணி ஷிஃப்டுக்கு நடந்து போயிட்டிருந்தான். இருட்டு. கார்ல பட்டதும் பெட்டி பறந்து போய்த் திறந்துகிட்டு விழுந்துச்சு. நான் முட்டி போட்டு உக்காந்தேன். நாயைக் கட்டிப் போட்டுட்டேன், அவகிட்டச் சொல்லுன்னான். ஆளைக் கூட்டிட்டு வரேன்னு சொன்னேன். நான் போகல."

ஒடிலின் விரல்கள் விசைகளில் ஓடுவது கேட்டது. ஒரு சொல்லும் விடவில்லை. முடித்துவிட்டு முதலிலிருந்து வாசித்தார். நடுவில் நிறுத்தவில்லை.

"சரியா எழுதியிருக்கேனா, சார்?"

மற்றவர்களைப்போல அவர் உடனே 'ஆமா' சொல்லவில்லை. "மறுபடி வாசிங்க" என்றார். இப்போது அது அவருடைய சொந்தக் குரல்.

ஒடில் மறுபடி வாசித்தார்.

"இதை வேற யாராவது கேட்டாங்களா?" என்றார் கவர்னர்.

"என் மேற்பார்வையாளர் கேட்டுக்கிட்டிருக்காங்க, சார்."

அவர் தொலைபேசியை வைக்கவில்லை. ஒடிலும் வைக்கவில்லை.

"இன்னும் ஆறு கேள்வி இருக்கு, சார்."

நம்பமாட்டீர்கள், அவர் பதில் சொன்னார். வயது ஐம்பத்தொன்று. சட்டப்படிப்பு. கடைசிக் கேள்வி, வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேர் என்பது.

"ரெண்டு பேர்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோலச் சொன்னார்: "இல்ல. மூணு. மூணுன்னே எழுதிக்கோங்க."

லைன் அறுந்தது.

அந்தப் பதிவை அழித்துவிடலாம் என்று நான் சொன்னேன். அப்படிச் சொன்னேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஒடில் ஒப்புக்கொள்ளவில்லை.

"அது பதிவு நானூத்தி பன்னெண்டு. மத்த பதிவு மாதிரி அதுவும் ஒரு பதிவு."

"தலைநகர்ல படிப்பாங்க, ஒடில்!"

"படிக்கட்டும்."

நான் அவ்வளவு தைரியசாலி அல்ல. அறிக்கையில் அந்தப் பதில்களையெல்லாம் 'மற்றவை' என்ற வரியில் போட்டு மூடினேன். கணிப்பின் முடிவு தெளிவாக இருந்தது. நூற்றுக்கு ஐம்பத்தாறு பேர் ஸ்டாடர்ட் பக்கம். எதிரில் நின்றவர் யாராக இருந்தாலும் முப்பத்தெட்டைத் தாண்டவில்லை. அவர் நின்றாலே போதும், செனட் இருக்கை அவருடையது. அறிக்கை போய்ப் பத்தாவது நாள், குடும்பக் காரணங்களுக்காகத் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று கவர்னர் அறிவித்தார். பத்திரிகைகள் தலையைப் பிய்த்துக்கொண்டன.

"ஐம்பத்தாறு சதவீதம் கையில வெச்சுக்கிட்டு ஒருத்தன் வேணாம்பானா? மூளை கழண்டுபோச்சா?" என்றார் ரெஜி. ஒடிலும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒடில் அதோடு விடவில்லை. ஹார்லோ மில்ஸ் நூலகத்துக்குப் பேருந்தில் போய்ப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினார். எழுபத்தொன்று மார்ச் மாத இதழ் ஒன்றில் ஆறே வரி இருந்ததாம். காகித ஆலைத் தொழிலாளி எமில் தெரியோ, வயது நாற்பத்து மூன்று, வேலைக்குப் போகும் வழியில் குடிபோதையில் விழுந்து விறைத்து இறந்தார், பனி அள்ளும் வண்டி குவித்த மேட்டுக்கடியில் மூன்றாம் நாள் உடல் கிடைத்தது, மனைவி அல்மா.

திங்கள்கிழமை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"வேலைக்குச் சேந்தப்போ ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்தேன். யார் என்ன சொன்னாலும் வெளியில சொல்லமாட்டேன்னு. அதை மீறப் போறேன். உனக்குத் தெரியணும்னு சொல்றேன்."

"பேரைச் சொல்லப் போறீங்களா?"

"பேரைச் சொல்லமாட்டேன். அது அவர் சொல்ல வேண்டியது. அந்தம்மாவுக்குச் சேர வேண்டிய வார்த்தை ஒண்ணு என்கிட்ட இருக்கு. அதை மட்டும் குடுத்துட்டு வந்துடறேன்."

பேருந்து அன்று ஓடவில்லை. நான்தான் காரில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அந்த ஹார்லோ மில்ஸ் ரோட்டில் இருபுறமும் பனிமேடுகள். ஓர் இடத்தில் எந்தக் காரணமும் இல்லாமல் ஒடில் என் கையைப் பிடித்து, "மெதுவாப் போ" என்றார். சாலையில் யாரும் இல்லை. வேகத்தைக் குறைத்து, யாருக்கோ வழிவிடுவதுபோல ஒதுங்கியே கடந்து போனேன்.

அல்மா தெரியோவுக்கு எழுபது இருக்கும். ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. சமையலறையில் உட்காரவைத்தார். காப்பி வைக்கவில்லை. எதற்கு வந்தோம் என்று முதலில் தெரிய வேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உங்க வீட்டுக்காரர் குடிச்சிருக்கல" என்றார் ஒடில். "ஒரு கார் மோதுச்சு. ஓட்டினவரே சொன்னதை நான் கேட்டேன்."

அல்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "யாரு?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"சொல்லக் கூடாதா?" அவர் குரல் ஏறியது. "இருபத்தேழு வருஷம் இந்த ஊர்ல நான் குடிகாரன் பொண்டாட்டி. கடைக்குப் போனா ஓரமாப் பாப்பாளுங்க. எம்மவனைப் பள்ளிக்கூடத்துல தள்ளாடி நடந்து காட்டுவானுங்க. எமில் பியர்கூடத் தொடமாட்டான், வயித்துக்கு ஆகாது. யார்கிட்டச் சொன்னேன், யார் கேட்டா? இப்போ என் வீட்டுக்குள்ள வந்து, தெரியும் ஆனா சொல்லமாட்டேங்கறியா? எந்திரி. வெளிய போ!"

ஒடில் எழுந்துகொண்டார். நானும். கதவருகே போய் ஒடில் நின்றார்.

"அவர் கடைசியா சொன்னதைச் சொல்லிட்டுப் போயிடறேன். 'நாயைக் கட்டிப் போட்டுட்டேன், அவகிட்டச் சொல்லு'ன்னார். திரும்பத் திரும்ப அதையே."

அல்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஓடிப்போய்த் தூக்க முயன்றோம், கையை உதறினார்.

"அந்தச் சனியன் பக்கத்து வீட்டுக் கோழிங்களைப் பிடிச்சுத் தின்னுடுச்சு" என்றார் தரையில் இருந்தபடியே. "இன்னொரு தரம் அவுத்து விட்டா நீயும் அதுவும் வீட்டுக்கு வெளியதான்னு முந்தின நாள் சாயங்காலம் கத்தினேன். மூஞ்சி குடுத்துப் பேசாமயே படுத்துட்டேன். காலையில அவன் போறப்போ தூங்கற மாதிரி கிடந்தேன்." முகத்தைத் துடைத்துக்கொள்ளவே இல்லை. "சாயங்காலம் பாத்தா ஷெட்டுக்குப் பின்னால கட்டிப் போட்டிருந்துச்சு. ரெண்டு முடிச்சு. இதை எவன் உனக்குச் சொல்ல முடியும்? எனக்கு மட்டுந்தானே தெரியும்!"

பிறகு காப்பி வைத்தார். மூன்று பேரும் குடித்தோம்.

ஏப்ரலில், பனி உருகிச் சாலையெல்லாம் சேறாகக் கிடந்த ஒரு காலையில் அல்மா ஒடிலுக்குத் தொலைபேசி செய்தார். வேலியருகே ஒரு நெட்டை மனுஷன் அரைமணியாக நிற்கிறான், உள்ளே வராமல், போகாமல்; கையில் ஒரு பச்சைப் பெட்டி இருக்கிறது என்றார்.

"யாருன்னு தெரியுதா?" என்று ஒடில் கேட்டார்.

"டிவியில பாக்கற மூஞ்சி. எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

"என்ன செய்யப் போறீங்க?"

"முதல்ல நிக்கட்டும்" என்றார் அல்மா. "நிக்கட்டும். அப்புறம் கூப்பிடறேன்."

இன்னும் அரைமணி நிற்கவைத்துத்தான் கதவைத் திறந்தாராம். கவர்னர் ஓட்டுநர் இல்லாமல், காவலர் இல்லாமல் தானே காரோட்டி வந்திருந்தார். பெட்டியை மேசைமேல் வைத்தார். மூடிக்குள் எமிலின் பெயர் ஆணியால் கீறி எழுதியிருந்தது. அன்றைக்கு அதை ஏன் கையில் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. எடுத்துக்கொண்டு காரில் ஏறியவர், விடியும்வரை ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அதன்பின் எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் அந்தப் பெட்டியும் கூடப் போனது. எங்கே தூக்கியெறிந்தாலும் மறுநாள் அதைத் தேடி எடுத்துவந்து துடைத்து வைக்காமல் இருக்க முடியவில்லை என்று சொன்னாராம். தன் வீட்டில் யாரோ நாயைக் கூப்பிடும் சத்தம் கேட்கும் என்றும் சொன்னார். அவர்கள் நாய் வளர்த்ததே இல்லை.

அல்மா அவரைத் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. "இதை என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? என்னைக் குடிகாரன் பொண்டாட்டின்னு சொன்னவங்ககிட்டப் போய்ச் சொல்லு" என்றார்.

அவர் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஹார்லோ மில்ஸ் சர்ச் கூடத்தில், சேற்றுக் காலணியோடு உட்கார்ந்திருந்த ஆலைக்காரர்கள் முன்னால் நின்று சொன்னார். பிறகு அரசு வக்கீலிடம் போனார். வழக்குப் போடக் காலம் கடந்துவிட்டது என்று சட்டம் சொன்னது. மே மாதம் பதவியை விட்டு இறங்கினார். எமில் தெரியோவின் இறப்புச் சான்றிதழை மாற்றி எழுதினார்கள். ஆலைச் சங்கத்துக்காரர்கள் அல்மாவின் வீட்டுக்கு வரிசையாக வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்கள்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண் ஒருநாள் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தார். "பத்திரிகையில அந்தப் பச்சைப் பெட்டியோட படத்தைப் பாத்தேன். எங்கயோ பாத்த மாதிரி இருக்கு. கணிப்புல அதைப் பத்தி ஏதாவது கேட்டீங்களா?" இல்லை என்றேன். நாங்கள் அதைப்பற்றி எதுவும் கேட்கவில்லை என்பது உண்மைதானே.

உறுதிமொழியை மீறியதை ஒடில் தானே மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். வேலையைவிட்டு அனுப்பும் கடிதத்தில் நான் கையெழுத்திட வேண்டியிருந்தது. 'ஆட்குறைப்பு' என்று எழுதி வைத்திருந்தேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"உள்ளதை எழுது, டார்கஸ்."

எழுதினேன். ரெஜி அன்று டோனட் பெட்டியைத் திறக்கவே இல்லை.

கோடையில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போனேன். மாவட்ட மருத்துவமனைத் துணிகளைத் தைத்துக் கொடுக்கும் வேலை கிடைத்திருந்தது. பீன்ஸும் பழுப்பு ரொட்டியும் வைத்தார். அதன்பிறகு யாராவது அப்படிப் பேசினார்களா என்று கேட்டேன்.

"நான் இப்போ யாரையும் எதையும் கேக்கறதில்ல" என்றார். பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டே, "நீ எப்படி இருக்கே?" என்றார்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எனக்குள்ளிருந்து எது வரும் என்று எனக்கே தெரியாது. அவசரமாக ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "இந்த வருஷம் கொசு ஜாஸ்தி" என்றேன். ஒடில் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஆமாம், ஜாஸ்திதான் என்றார்.

நவம்பரில் செனட் தேர்தல் நடந்தது. தெற்கிலிருந்து வந்த, மரக்கடை வைத்திருந்த ஒருவர் மூன்று சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். அவரைப் பற்றி யாருக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஒடில் காலையிலேயே வாக்குச்சாவடியாக இருந்த தீயணைப்பு நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு, நடந்தே வீட்டுக்குத் திரும்பினார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.